அலமாரிக் கதவில் இரண்டு சீட்டுகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, குழந்தைகள் இரண்டு பேர், எல்லோரும் உடம்பளவில் நலம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது இரண்டும் என் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, உன் அம்மா பின்னாலிருந்து ஜாடை காட்டுகிறாள், பாதிப் பேச்சில் உன் முகம் அப்படியே உறைந்துபோய் நிற்கிறது. இதற்கு நடுவில் எதைச் சொல்ல. இப்போது பெரியவளும் சின்னவனும் பள்ளிக்கூடத்தில். உன் அம்மா கண் டாக்டரிடம் போயிருக்கிறாள், கண்ணாடியை மாற்ற வேண்டுமாம். வீட்டில் நான் மட்டும். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படி.

முதலில் சில்லறைச் சங்கதிகள். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்று என் பொறுமையைச் சோதிக்கிறார். பெரியவளுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, இனி அவளைப் பொக்கை என்று நான் கூப்பிட முடியாது, அவள்தான் என்னைக் கூப்பிட வேண்டும். சின்னவனுக்கு நாலரை வயதில் நாற்பது வயதுக்காரன் வாய். காலையில் எழுந்து, தாத்தா இன்னிக்கு உங்களுக்கு லீவா என்று தினமும் கேட்கிறான். ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆனவனிடம் கேட்கிற கேள்வியா இது. அவன் வகுப்பு டீச்சரும் ஒன்று சொன்னார், அது பின்னால் வருகிறது.

போன சனிக்கிழமை இரண்டையும் நம் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய தீயணைப்பு நிலையம் இருந்ததே, நீ சின்ன வயதில் மணியடித்தால் ஓடிப்போய் வேடிக்கை பார்ப்பாயே, அதைத்தான் இப்போது வெள்ளையடித்து ஊர் வரலாறு என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே மூன்று அறை, மேலே இரண்டு. டிக்கெட் கொடுப்பதும் காவல் காப்பதும் ஒரே அம்மாள்தான், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் பாதி பின்னிய ஸ்வெட்டர். உள்ளே போனதும் ஊரையே மரத்தில் சின்னதாகச் செய்து வைத்திருக்கிறார்கள், பொத்தானை அழுத்தினால் அந்தந்த இடத்தில் விளக்கு எரிய வேண்டும், பாதி விளக்கு அவுட். சின்னவன் எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்து, தாத்தா நம்ம வீட்ல கரண்ட் இல்ல என்று அறிவித்தான். சந்தைத் தராசு, முடிதிருத்தும் நாற்காலி, தந்தி அடிக்கிற கருவி, ஒரு மழைக்காலத்தில் எங்கள் அச்சகத் தெருவில் படகு போன போட்டோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு மேலே ஏறினோம்.

மேலே முதல் அறையை ஒரு பழைய வீடு மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒரு மேஜை, அதைச் சுற்றி நாலு பொம்மைகள். கோட்டுப் போட்ட அப்பா, தலையில் துணி கட்டிய அம்மா, ஒரு பெண், ஒரு பையன். மேஜையில் சுண்ணாம்பில் செய்த ரொட்டி. முன்னால் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு சீட்டு. அதில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வீட்டில் ஒரு குடும்பம் வாழ்ந்து வருகிறது. முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினவன் கண்ணில் இது பட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நீ கல்லூரியிலிருந்து எழுதிய கடிதங்களைக்கூடச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினவன் நான், அதற்காக நீ ஒரு மாதம் எனக்கு எழுதாமல் இருந்தாய். கை அரித்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தே விட்டேன். பெரியவள் என் கையைப் பிடித்து, என்ன தாத்தா தப்பு என்று கேட்டாள். வாழ்ந்து வருகிறதுன்னு போடக்கூடாதும்மா, வாழ்ந்ததுன்னு போடணும் என்றேன். ஏன் என்றாள். இவங்க இப்ப இல்லையே என்றேன். எங்க போனாங்க என்று சின்னவன் கேட்டான்.

இங்கேதான் நான் சறுக்கினேன். குழந்தைகள் முன்னால் சாவு என்ற வார்த்தை வேண்டாம் என்று நம் வீட்டில் மூன்று வருஷமாக ஒரு சட்டம். நாக்கு அதற்குப் பழகிப்போய்விட்டது. யோசிக்காமல், அவங்கல்லாம் தூரமா போயிட்டாங்க கண்ணா என்று சொல்லிவிட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பெரியவளுக்கு இலக்கணம் சொல்லித் தருகிற ஜோரில், தூரமா போனவங்களைப் பத்தி எழுதினா இருக்கிறார்னு எழுதக்கூடாது, இருந்தார்னுதான் எழுதணும் என்று விதி வேறு வகுத்துக் கொடுத்தேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். நான் பார்வையாளர் புத்தகத்தை வாங்கி அந்தப் பிழையை விளக்கமாக அரைப்பக்கம் எழுதினேன். எழுதி நிமிர்ந்தால் சின்னவனைக் காணோம்.

கீழே ஓடினேன், மேலே ஓடினேன், என் முழங்காலைப் பற்றி உனக்குத் தெரியும். கடைசியில் அந்தச் சாவிக்கொத்து அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து வருகிறார். என்னைப் பார்த்ததும், என்னங்க பெரியவரே, குழந்தை அம்மாவைக் காணோம்னு தேடிட்டு இருக்கான், எங்க அம்மாவை எந்த ரூம்ல வச்சிருக்கீங்கன்னு என்கிட்டயே கேக்கறான், இவங்க அம்மா எங்க என்று சத்தம் போட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே நான், அவ இங்க இல்லீங்க, தூரமா போயிருக்கா என்றேன். அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு, ஐயோ, இந்த வயசுலயா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுபது வயதுக்காரிக்கே தூரம் என்ற வார்த்தை அப்படித்தான் கேட்கிறது. இல்லீங்க, வேலைக்குங்க, வெளிநாட்டுல ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறா என்று அவசரமாகச் சொன்னேன். அவர் நிம்மதியாகச் சிரித்து, அப்ப அப்பா என்று கேட்டார். இரண்டு குழந்தைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அவரும் தூரமாத்தான் என்றேன். அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், திருட்டு டிக்கெட்டில் வந்தவனைப் பார்ப்பது போல. பெரியவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

வழியில் சின்னவனிடம், அம்மாவை அங்க ஏண்டா தேடின, அம்மாகூட ஞாயித்துக்கிழமை பேசறோமே என்று கேட்டேன். அப்பாகூடவும்தான் பேசறோம் என்றான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை பெரியவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த வீடியோ இருக்கிறதே, விழமாட்ட, நான் பிடிச்சிருக்கேன் என்று சிரித்துக்கொண்டே பின்னால் ஓடி வருவாரே, சின்னவன் அதைத் தினம் பார்க்கிறானாம். பார்ப்பதோடு நிற்கவில்லை, அதனிடம் பேசுகிறானாம், சாப்பிட்டேன்பா, ஸ்கூல்ல அடிக்கலப்பா என்று. உன் அம்மா இதை என்னிடம் சொல்லாமல் மென்று முழுங்கியிருக்கிறாள். யோசித்துப் பார். அவனுக்கு ஒன்றரை வயதில் அப்பா போனார். இரண்டரை வயதில் நீ போனாய். இரண்டு பேரும் தூரமாய்ப் போனவர்கள். இரண்டு பேரும் அதே போனில், அதே உள்ளங்கை அகலத்தில் வருகிறீர்கள். அவர் எப்போதும் ஒன்றையே சொல்கிறார். நீயும் சாப்பிட்டியா, ஸ்கூல் போனியா, அக்காகூடச் சண்டை போடாதே என்று வாராவாரம் அதையேதான் சொல்கிறாய். அவன் எப்படியம்மா வித்தியாசம் கண்டுபிடிப்பான். டீச்சர் சொன்னது இதுதான். அம்மா அப்பா படம் வரையச் சொன்னால் இரண்டு கட்டம் போட்டு இரண்டுக்குள்ளும் ஒரு முகம் வரைந்தானாம். டீச்சர் அது என்ன ஜன்னலா என்று கேட்டிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், சின்னப் பிள்ளை, வளர்ந்தால் தெளிவான் என்று என்னையே தேற்றிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேசி முடித்ததும் பெரியவள் பழைய நோட்டு அட்டையை வெட்டிச் சீட்டுச் சீட்டாக எழுத ஆரம்பித்தாள். நம் வீடும் அருங்காட்சியகமாம். சாயங்காலத்துக்குள் வீடு முழுக்க ஒட்டிவிட்டாள். என் சாய்வு நாற்காலியில், தாத்தாவின் நாற்காலி, படிப்பதாகச் சொல்லித் தூங்குகிறார். அடுப்பின் மேல், பாட்டியின் அடுப்பு, ஒரு பக்கம் எரியாது. என் பல்செட் டம்ளரில்கூட ஒரு சீட்டு, அதில் எழுதியிருப்பதை உனக்குச் சொல்ல மாட்டேன். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், பேத்தி நம் தொழிலுக்கு வந்துவிட்டாள் என்று பெருமை வேறு. கடைசியாக உங்கள் அறைக்குப் போனேன்.

அலமாரியின் இடது கதவுக்குள் மாப்பிள்ளையின் துணி, ஷூ. வலது கதவுக்குள் உன்னுடையது. இரண்டு கதவிலும் ஒவ்வொரு சீட்டு. வலது பக்கம், அம்மாவின் பச்சை ஸ்வெட்டர், அம்மா இருந்தார். இடது பக்கம், அப்பாவின் ஷூ, அப்பா இறுந்தார். நான் கை தவறி எழுதுகிறேன் என்று நினைக்காதே, அவள் எழுதியதே அப்படித்தான், வல்லின று போட்டிருக்கிறாள். நான் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வயதுக் குழந்தை, ரவும் றவும் தடுமாறுகிற வயதுதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு எழுந்துபோய் வீட்டிலிருக்கிற சீட்டையெல்லாம் மறுபடி படித்தேன், பழக்கம் விடுமா. மொத்தம் பதினேழு சீட்டு. மற்ற எதிலும் அவள் அந்த எழுத்தைத் தப்பாகப் போடவில்லை. இருக்கிறது, இருந்தது, பருப்பு டப்பா, துருப்பிடித்த சாவி, எல்லாம் சரி. இந்த ஒன்றில் மட்டும் வல்லினம். அது இருந்தார் என்று எழுதப்போய் ஒரு எழுத்து தப்பியதா, இறந்தார் என்று எழுதப்போய்க் கடைசியில் கை தயங்கியதா, எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பிழை பார்த்திருக்கிறேன், பயந்தது இதற்குத்தான்.

பென்சிலை எடுத்தேன். உன் சீட்டைத்தான் முதலில் திருத்தப் போனேன், இருந்தார் என்பதை அடித்து இருக்கிறார் என்று போட. பெரியவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கதானே தாத்தா சொன்னீங்க, தூரமா போனவங்களுக்கு இருந்தார்னு என்றாள். அம்மாவுக்கு அப்படி இல்லம்மா என்றேன். அப்ப அப்பா சீட்டையும் மாத்துவீங்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன செய்ய, சொல். உன் சீட்டைத் திருத்தினால் அவர் சீட்டையும் திருத்த வேண்டும், அது பொய். அவர் சீட்டை விட்டுவிட்டு உன்னுடையதை மட்டும் திருத்தினால், நீ சொல்லக்கூடாது என்று சொன்னதை நான் பென்சிலால் சொன்னதாகிவிடும். இரண்டையும் விட்டால் நீயும் அதே வரிசையில் நிற்கிறாய். பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழாய் ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று ஓடி வந்துவிட்டேன். உன் அப்பா அவ்வளவு தைரியசாலி.

மாப்பிள்ளை போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. கேட்டா தூரமா போயிருக்கார்னு சொல்லுங்கப்பா, நானே அப்புறமா சொல்லிக்கறேன் என்றாய். உன் முகம் அன்றைக்கு இருந்த இருப்பில் நீ எதைச் சொல்லியிருந்தாலும் நான் சரி என்றிருப்பேன். ஆனால் அந்த அப்புறம் மூன்று வருஷமாக வரவில்லையே. போகும்போது நீ குழந்தைகளிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. அம்மாவும் தூரமா போறேன், சமத்தா இருங்க என்றாய். அந்த உம்மைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படுகிற எனக்கு என் வீட்டு வாசலில் சொன்ன பிழை படவில்லை. குற்றத்தை உன் தலையில் மட்டும் கட்டவில்லை, நானும் உன் அம்மாவும் சேர்ந்துதான் மூன்று வருஷமாகப் பூசி மெழுகியிருக்கிறோம்.

போன மாதம் நீ, இந்தத் தடவை லீவுக்கு வரவில்லை, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன், அதை முடித்து மொத்தமாக வருகிறேன் என்றாய். லீவு கிடைக்கவில்லை என்றாய். நான் நம்பினேன், அல்லது நம்பியது போல இருந்தேன். இப்போது கேட்டுவிடுகிறேன். லீவு கிடைக்கவில்லையா, வந்தால் பெரியவள் அப்பாவைப் பற்றிக் கேட்பாள் என்று பயமா. கோபித்துக்கொள்ளாதே கண்ணம்மா, எனக்கும் அதே பயம்தான், அதனால்தான் எனக்கு உன்னுடையது தெரிகிறது. முன்பின் தெரியாத மனிதர்களின் எலும்பையெல்லாம் படம் பிடித்து எங்கே உடைந்திருக்கிறது என்று காட்டுகிற வேலை உனக்கு. உன் வீட்டில் உடைந்ததை மட்டும் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாய். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, எழுதும்போது எனக்கும் கண் மறைக்கிறது.

உன் அம்மா நான் சொல்லிவிடட்டுமா என்கிறாள். வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன். அவள் அந்தச் சீட்டுகளைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டவும் போனாள், அதையும் தடுத்தேன், இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சு குறைவு. நாங்கள் சொன்னால் அது செய்தியாகத்தான் போகும். அழுதால் கட்டிக்கொள்ள அவர்களுக்கு அம்மா பக்கத்தில் இல்லாதபோது அதைச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. நீ வந்து, உன் மடியில் போட்டுக்கொண்டு, அப்பா இறந்துட்டார் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அவர் இல்லை என்று தெரிந்தால்தான் அம்மா நீ இருக்கிறாய் என்று அதுகளுக்குத் தெரியும். எனக்கு இதைவிட நன்றாக எழுதத் தெரியவில்லை. அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் வா. பத்து நாள் போதும். திரும்பிப் போவதென்றால் போ, நான் தடுக்க மாட்டேன், அதற்கப்புறம் நீ எவ்வளவு தூரம் போனாலும் அது வெறும் தூரமாக மட்டும் இருக்கும்.

வெயில் இறங்குகிறது, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், நிறுத்திவிட்டுப் போய் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அழைத்து வந்துவிட்டேன். சின்னவன் பாலைக் குடித்துவிட்டு உறைக்குத் தபால்தலை ஒட்டுவேன் என்று நக்கி நக்கிப் பாதிப் பசையைத் தின்றுவிட்டான், தலை கோணலாக இருந்தால் என் மேல் பழி போடாதே. பெரியவள் யாருக்குத் தாத்தா எழுதறீங்க என்று கேட்டாள். அம்மாவுக்கு என்றேன். பதில் வருமா என்றாள். வரும் என்றேன். பதில் வந்தா அம்மா சீட்டை நானே மாத்தி எழுதிடறேன் தாத்தா என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அப்பா சீட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு, எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கழுத்துவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்க மறக்காதே, வேலை செய்யும்போது அந்தக் கனமான ஈய அங்கியைப் போடாமல் சோம்பல் படாதே. உன் அம்மாவின் ஆசியும் இதோடு. சீட்டுகள் இரண்டும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன, ஒன்றிலும் நான் கை வைக்கவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, பதிலாக நீயே வா.

இப்படிக்கு,
பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கும்
உன் அப்பா